டெனாலி, அலாஸ்கா: பூவும் பார்க்க வேண்டும், கரடியும் பார்க்க வேண்டும். ஜூன் கடைசியா, ஜூலை கடைசியா? எந்த பஸ்?

தெற்குவாசல் (கேள்வி)

வணக்கம். வரும் கோடையில் டெனாலி தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். மொத்தம் ஐந்து பேர்: நாங்கள் இருவர், பத்து வயதுப் பையன், அப்பா (68), அம்மா (64). அம்மாவுக்கு முட்டி வலி. சமதரையில் ஒன்றிரண்டு மைல் நடப்பார், ஏற்றம் ஆகாது. ஆங்கரேஜில் கார் வாடகைக்கு எடுத்து, பூங்கா வாசலில் மூன்று இரவு தங்குவதாகத் திட்டம்.

லீவு ஜூன் 20-ஐ ஒட்டியோ ஜூலை 20-ஐ ஒட்டியோ கிடைக்கும். அம்மாவுக்குப் பூ, பையனுக்குக் கரடி. எந்த வாரம் தேவலை?

உள்ளே போக, வழிகாட்டி பேசிக்கொண்டே வரும் டூர் பஸ் ஒன்று, டிரான்சிட் பஸ் என்று இன்னொன்று காட்டுகிறார்கள். விலையில் ஏணி வைத்தாலும் எட்டாது. கூடக் கொடுத்தால் கூட என்ன கிடைக்கும்? ரயில், ஹோட்டல் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் வாங்கிவிட்டால் தலைவலி மிச்சமா?

எல்லோரும் சைவம். உள்ளே ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா? கொசு பற்றி ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள், அதையும் சொல்லுங்கள்.

---

ஏழாம்மைல்

முதலில் ரோட்டைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானே தெளிவாகிவிடும். பூங்காவுக்குள் ஒரே ரோடுதான், 92 மைல். உங்கள் வாடகைக் கார் 15-ஆம் மைலில் இருக்கும் சாவேஜ் ஆறு வரைக்கும்தான் போகலாம். அதற்கு மேல் பஸ்தான்.

45-ஆம் மைல் பக்கம் ப்ரெட்டி ராக்ஸ் என்று ஓர் இடம். அங்கே மலைச்சரிவு ரோட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே நகர்கிறது. உள்ளே உறைந்து கிடந்த மண் உருக உருக வேகம் கூடி, ஜல்லி கொட்டி நிரவிச் சமாளிக்க முடியாத நிலை வந்ததும் 2021 ஆகஸ்டில் ரோட்டை மூடினார்கள். அந்தச் சரிவைத் தாண்டத்தான் பாலம் கட்டுகிறார்கள். அது திறக்கும்வரை பஸ்ஸெல்லாம் 43-ஆம் மைலில், ஈஸ்ட் ஃபோர்க் ஆற்றோடு திரும்பிவிடும். பழைய பயணக் கட்டுரைகளில் வரும் ஐல்சன் மையம் (66-ஆம் மைல்), வொண்டர் லேக் (85) இரண்டும் அதற்கு அப்பால். டிக்கெட் போடுமுன் பூங்காவின் இணையதளத்தில் அந்த வருடத்து ரோடு நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

டூர் பஸ்ஸில் கூடக் கிடைப்பது மூன்று: மைக்கில் முறையாக விளக்கும் ஓட்டுநர், ஒரு சிற்றுண்டிப் பொட்டலம், ஏறிய சீட்டிலேயே கடைசிவரை உட்கார்ந்து வரும் சௌகரியம். நடுவில் இறங்கி நடக்க முடியாது. டிரான்சிட் பஸ்ஸும் அதே ரோட்டில்தான் போகிறது, அதே கரடிக்குத்தான் நிற்கிறது. பெரும்பாலான டிரான்சிட் ஓட்டுநர்களும் பேசிக்கொண்டேதான் ஓட்டுவார்கள், கடமையாக இல்லாவிட்டாலும். ஈஸ்ட் ஃபோர்க் போய்வர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பையனுக்கு டிரான்சிட்டில் டிக்கெட் பணமே கிடையாது, 15 வயது வரை இலவசம். என் கணக்கில் உங்களுக்கு டிரான்சிட்தான். அப்பாவுக்கு ஆங்கில விளக்கம் நிதானமாகக் கேட்க ஆசை என்றால் மட்டும் டூர்.

டூரிலும் இரண்டு வகை உண்டு, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 'நேச்சுரல் ஹிஸ்டரி டூர்' 30-ஆம் மைல் டெக்லனிகாவோடு திரும்பிவிடும். 'டண்ட்ரா வில்டர்னஸ் டூர்' 43 வரை போகும். கரடிக்குப் பேர்போன சேபிள் பாஸ் என்ற கணவாய் 39-ஆம் மைலில் இருக்கிறது! பேக்கேஜில் வெறுமனே 'டெனாலி டூர் உண்டு' என்று போட்டிருந்தால், எந்த டூர், எந்த மைல் வரை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேக்கேஜில் இன்னொரு சங்கடம்: மதியம் ரயிலில் இறக்கிவிட்டு மறுநாள் மதியம் ஏற்றிவிடுவார்கள், கையில் இருப்பது ஒரே ஒரு பஸ். அன்று மழை மூட்டம் என்றால் அவ்வளவுதான். உங்களுக்குக் காரும் மூன்று இரவும் இருக்கிறது, பேக்கேஜ் எதற்கு?

டிரான்சிட்டில் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், திரும்பும்போது எந்த டிரான்சிட் பஸ்ஸையும் கை காட்டி நிறுத்தி ஏறலாம். கேட்க நன்றாக இருக்கும். ஐந்து பேராகப் போகும்போது ஒன்றை யோசியுங்கள்: திரும்பும் பஸ்ஸில் காலியாக இருப்பது இரண்டு சீட் என்றால் இரண்டு பேர்தான் ஏற முடியும். மதியம் மூன்று, நான்கு மணிக்கு எல்லோரும் திரும்பும் நேரத்தில் மழையில் ஒரு மணி நேரம் நிற்க நேரலாம். யார் யாரோடு போவது என்று இறங்குமுன்பே பிரித்துக்கொள்ளுங்கள், பெரியவர் இருவரும் முதல் பஸ்ஸில். முட்டி வலிக்காரரை நடுவழியில் இறக்காமல் இருப்பதே மேல்.

முன்பதிவு முந்தைய டிசம்பரிலேயே திறந்துவிடுகிறது. அங்கே தங்கும் முதல் முழு நாளுக்கே பஸ் போட்டால், வானம் கெட்டுப்போனாலும் கையில் இன்னும் ஒரு நாள் இருக்கும். நேரம் என்றால் காலை முதல் பஸ்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் தனி, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு ஆளுக்கு 15 டாலர்.

சாப்பாடு: வாசலைத் தாண்டினால் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட விற்க ஆள் கிடையாது. ஆங்கரேஜிலோ வசில்லாவிலோ சாமான் வாங்கிவிடுங்கள், வாசலருகே விலை அதிகம், தேர்வு குறைவு. புளியோதரை, சப்பாத்தி எல்லாம் பேஷாகத் தாங்கும். இறுக மூடும் டப்பாவில் வையுங்கள், சிந்தினால் துடைத்து எடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். கழிப்பறை வழியில் சாவேஜ், டெக்லனிகா நிறுத்தங்களில் உண்டு, தண்ணீர்க் குழாயை எதிர்பார்க்க வேண்டாம், சானிட்டைசர் கையில் இருக்கட்டும்.

---

மகரந்தம்

ஏழாம்மைல் சொன்னதற்கு மேல் ஒன்று. டெனாலியில் விலங்கு பஸ் ஜன்னலில் கிடைக்கும், பூ கிடைக்காது. பூவுக்கு முழங்கால் போட்டு உட்கார வேண்டும். பாதிப் பூக்கள் சுண்டுவிரல் நகம் அளவு. பஸ்ஸிலிருந்து தெரிவது ரோட்டோர ஃபயர்வீடும் லூபினும், அதுவும் நிறத்திட்டாக. ஆகவே பூவுக்கென்று தனியாக அரை நாள் ஒதுக்குங்கள், பஸ் நாளில் அதையும் சேர்த்துத் திணிக்க வேண்டாம்.

வாரம் எது என்று கேட்டீர்கள். 'பூ உச்சம்' என்று ஒரு தேதி கிடையாது. பனி எங்கே முதலில் விலகுகிறதோ அங்கே முதலில் பூக்கும். காற்று பனியைச் சேரவிடாமல் துடைத்துவிடும் மலைமுதுகு முதலில் பூக்கும், பள்ளத்தில் பனி தேங்கிக் கிடக்கும் இடம் கடைசியில். மேலே முன்னால், கீழே பின்னால் என்று தலைகீழாகக்கூட அமையும்.

ஜூன் 20 என்றால் உயரப் புல்வெளிப் பூக்கள்: மாஸ் காம்பியன், டிரையாஸ், அலாஸ்காவின் மாநிலப் பூவான ஃபர்கெட்-மீ-நாட், ஷூட்டிங் ஸ்டார். லாப்லாந்து ரோஸ்பே முடிகிற தறுவாயில் இருக்கும். அது ரோடோடென்ட்ரான் சாதி. நீலகிரியில் மரமாக நிற்கும் காட்டுப்பூவரசின் உறவு, இங்கே கணுக்கால் உயரத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. ஜூலை 20 என்றால் ஃபயர்வீட், ஆற்றுப்படுகை ஜல்லியில் குட்டை ஃபயர்வீட், லார்க்ஸ்பர், மாங்க்ஸ்ஹூட், ஈர நிலத்தில் பஞ்சுப்புல். ஃபயர்வீட் கீழிருந்து மேலாகப் பூக்கும். நுனிப் பூ உதிர்ந்தால் ஆறு வாரத்தில் குளிர்காலம் என்பது அலாஸ்காக்காரர் கணக்கு.

வகைக்கு ஜூன், நிறத்துக்கு ஜூலை. உங்கள் அம்மா நின்று ரசிப்பவரா, குனிந்து பார்ப்பவரா? முட்டி வலி என்பதால் எனக்கு மனது ஜூலைப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது, ஃபயர்வீட் இடுப்புயரம் நிற்கும், குனிய வேண்டாம். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் மழை அதிகம், ஜூன் அவற்றைவிட உலர்ந்த மாதம். அதனால் மொத்தத்தில் ஜூன் கடைசி வாரத்தையே சொல்வேன்.

எங்கே பார்ப்பது? அம்மாவுக்கு 13-ஆம் மைல் மவுன்டன் விஸ்டா. அரை மைலுக்குச் சற்று கூடுதலான வட்டப் பாதை, சமதரை, காரிலேயே போகலாம். அடுத்து சாவேஜ் ஆற்று லூப், ஏறக்குறைய 2 மைல், ஆற்றின் இரு கரையிலும். பாதையோர ஜல்லித் திட்டிலேயே நிறைய இருக்கும். சாவேஜில் கார் நிறுத்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், இலவச ஷட்டில் பஸ் ஓடுகிறது, அதில் போங்கள். நடக்கக் கூடியவர்களுக்கு சாவேஜ் ஆல்பைன் பாதை: 4 மைல், 1,500 அடி ஏற்றம். மேல்முதுகில்தான் மெத்தைபோலத் தரையோடு அடர்ந்து படரும் செடிகள்.

ஒரே ஒரு செடிக்கு நேரம் கொடுப்பதென்றால் மாஸ் காம்பியனுக்குக் கொடுங்கள். தூரத்தில் பாசி பிடித்த கல் மாதிரி இருக்கும். கிட்டப் போனால் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பச்சை மெத்தை, அதன்மேல் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் ஐந்திதழ்ப் பூக்கள். தெற்குப் பக்கம் பூத்திருக்கும், வடக்குப் பக்கம் இன்னும் மொட்டு: வெயில் படும் பக்கம் முதலில் திறப்பதால் அதைத் திசைகாட்டிச் செடி என்றே சொல்வார்கள். காற்றடிக்கும் நாளிலும் மெத்தைக்குள் வெளியைவிடச் சூடு அதிகம், அதனால்தான் பூச்சிகள் அதில் ஒண்டும். முழு மெத்தைக்கும் பிடிமானம் ஒரே ஆணிவேர். முதல் பூ விடவே பத்து வருடம்போல ஆகும். அதை மிதித்தால் என்ன ஆகும் என்று பையனுக்கு இதை வைத்தே சொல்லிவிடலாம்.

பக்கத்திலேயே டிரையாஸ் இருக்கும், வெள்ளை, பொதுவாக எட்டு இதழ். பூ சூரியனோடு சேர்ந்து திரும்பும், கிண்ணத்தின் நடுவில் ஈ ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது தேனுக்கு மட்டும் வரவில்லை, குளிர் காய்கிறது.

பாதையை விட்டு இறங்கி நடக்க டெனாலியில் பெரும்பாலான இடங்களில் அனுமதி உண்டு. நம் ஊர்க் காட்டுப் பழக்கத்தில் ஒருவர் பின் ஒருவராக நடக்காதீர்கள், அங்கே அது தப்பு. ஐந்து பேர் ஒரே தடத்தில் மிதித்தால் ஒற்றையடிப்பாதை விழுந்துவிடும், பின்னால் வருபவரெல்லாம் அதையே பிடித்துக்கொள்வார்கள். பரவி நடங்கள், கல்லும் ஜல்லியும் இருந்தால் அதன்மேல் கால் வையுங்கள். பஞ்சுப்புல் குத்துக்குத்தாக நிற்கும் ஈரநிலத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள். குத்தின்மேல் வைத்தால் ஆடும், இடையில் வைத்தால் கணுக்கால் மடங்கும்.

பூப் பறிக்கக் கூடாது. மாங்க்ஸ்ஹூட்டைத் தொடவே வேண்டாம், நம் சித்த மருத்துவத்தில் நாவி என்று சொல்லும் நஞ்சுக் கிழங்கின் இனம்தான் அது. லார்க்ஸ்பரும் அதே நீலம், அதுவும் விஷம். லார்க்ஸ்பருக்குப் பின்னால் வால் நீண்டிருக்கும், மாங்க்ஸ்ஹூட்டுக்குத் தலைமேல் முக்காடு.

---

தொலைநோக்கி

விலங்குப் பக்கம் நான் சொல்கிறேன். இரண்டு வாரத்திலும் கரடி உண்டு, பையனுக்காகத் தேதியை மாற்ற வேண்டாம். ஜூனில் கரடி புல்லும் வேரும் தின்றுகொண்டு, மூஸ், கரிபூ (இரண்டும் மான் இனம்) குட்டிகளைத் தேடி அலையும். ஜூலைக் கடைசியில் சோப்பெர்ரி பழுக்க ஆரம்பித்ததும் ஆற்றுப்படுகைகளில் தலை குனிந்து தின்றுகொண்டே இருக்கும், சத்தம் கேட்டாலும் நிமிராது. அந்தச் சமயத்தில் ஆற்றங்கரைப் புதரில் நடப்பவர்தான் பேசிக்கொண்டே, கை தட்டிக்கொண்டே போக வேண்டும்.

பஸ்ஸில் எங்கே எதைத் தேடுவது: முதல் 15 மைல் ஸ்ப்ரூஸ் மரமும் வில்லோ புதரும், அங்கே மூஸ். 34-ஆம் மைல் பக்கம் இக்ளூ, கதீட்ரல் மலைகளுக்கு இடையே டால் ஆடு. உச்சிப் பாறையில் வெள்ளைப் புள்ளி தெரியும், நகர்ந்தால் ஆடு, நகராவிட்டால் பனி. சேபிள் பாஸ், 3,900 அடி, மரமே கிடையாது, அங்கே கிரிஸ்லி கரடி. அந்தப் பகுதியில் மட்டும் ரோட்டை விட்டு இறங்கத் தடை. வெயில் நாளில் மிச்சமிருக்கும் பனித்திட்டுகளைத் துழாவுங்கள், ஈத்தொல்லை தாங்காமல் கரிபூ அங்கேதான் போய் நிற்கும். ஓநாய் அதிர்ஷ்டம். டெனாலி சிகரம் (20,310 அடி) அதுவும் அதிர்ஷ்டம்தான், வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் முகம் காட்டும். தெளிந்த நாளில் 9-ஆம் மைலிலேயே தெரியும், போகும்போது பஸ்ஸின் இடது பக்கம்.

விலங்கைக் கண்டால் 'ஸ்டாப்' என்று சொல்லிவிட்டுக் கடிகாரக் கணக்கில் திசை சொல்ல வேண்டும்: பஸ்ஸின் மூக்கு பன்னிரண்டு, வலது ஜன்னல் மூன்று. 'அதோ அங்கே' என்றால் நாற்பது பேரும் நாற்பது பக்கம் பார்ப்பார்கள். நின்ற பிறகு குரலைத் தாழ்த்துங்கள், கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள். இந்த இரண்டையும் ஓட்டுநர் கண்டிப்பாகப் பார்ப்பார்.

பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும்) வாங்குங்கள். 10× கூடக் காட்டும்தான், ஆனால் இன்ஜின் அதிர்வில் கை நடுக்கமும் பத்து மடங்காகும். ஐந்து பேருக்கு ஒன்று போதவே போதாது, குறைந்தது இரண்டு. கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் இருந்தால் போதும். முக்காலி பஸ்ஸில் விரிக்க முடியாது. ஜாக்கெட்டைச் சுருட்டி ஜன்னல் விளிம்பில் வைத்து லென்ஸை அதன்மேல் சாயுங்கள். வெயில் மதியத்தில் தூரத்துக் கரடி மங்கலாக வந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள், தரையிலிருந்து எழும் சூடான காற்று அலைகிறது. காலை முதல் பஸ்ஸைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூரம்: கரடிக்கு 300 கஜம், மூஸ், கரிபூ, ஆட்டுக்கு 25 கஜம். அது சட்டம். பஸ்ஸுக்குள் இருக்கும்வரை கவலை இல்லை, சாவேஜ் பாதையில் நடக்கும்போது நினைவிருக்கட்டும். கரடி எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே பின்வாங்க வேண்டும். மூஸ் அப்படியே எதிர்மாறு: காதை மடித்து, பிடரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வந்தால் ஓடிப்போய் மரத்துக்குப் பின்னால் நில்லுங்கள். ஜூனில் குட்டியோடு இருக்கும் தாய் மூஸ் வாசல் பக்கக் காட்டிலேயே திரியும். கரடிக்குப் பயந்து மூஸை மாடு மாதிரி நினைத்துக் கிட்டப் போகிறவர்கள்தான் அதிகம்.

கரடி ஸ்ப்ரே விமானத்தில் கைப்பையிலும் போகாது, பெட்டியிலும் போகாது. ஆங்கரேஜில் இறங்கி வாங்குங்கள். பஸ்ஸில் ஏறும்போதே ஓட்டுநரிடம் சொல்லுங்கள். உள்ளே தவறி அழுத்திவிட்டால் மொத்த பஸ்ஸும் கண்ணெரிந்து இறங்க வேண்டியதுதான்.

---

தெற்குவாசல்

எல்லோருக்கும் நன்றி. ஜூன் கடைசி வாரம், டிரான்சிட், காலை பஸ் என்று முடிவாகிவிட்டது. இரண்டே சந்தேகம். ரேஞ்சர் கூட்டிப்போகும் நடை ஏதோ இருக்கிறதாமே, பையனைச் சேர்த்துக்கொள்வார்களா? கொசு விஷயத்தில் யாரும் வாய் திறக்கவில்லையே?

---

ஏழாம்மைல்

அது 'டிஸ்கவரி ஹைக்'. ரேஞ்சரோடு பாதையே இல்லாத இடத்தில் நடை, ஒரு குழுவுக்கு 11 பேர்தான். நடைக்குக் காசு இல்லை, பஸ் டிக்கெட் மட்டும். ஓரிரு நாள் முன்னதாக விசிட்டர் சென்டருக்கு நேரில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும், ஆகையால் வந்து சேர்ந்த அன்றே போய் நில்லுங்கள். பிடிமானமுள்ள நடைபூட்ஸ், மழைக்கோட்டு, சாப்பாடு, தண்ணீர் இல்லாமல் வந்தால் சேர்க்கமாட்டார்கள். ஓடைகளில் கால் நனையும், புதருக்குள் நுழைய வேண்டிவரும். நான்கைந்து மணி நேரம் முனகாமல் நடக்கும் பையன் என்றால் நீங்களோ உங்கள் துணையோ ஒருவர் அவனோடு போங்கள். மற்ற மூவரும் அன்று சாவேஜ் லூப். பெயர் கொடுக்கும்போதே அன்றைய நடை எவ்வளவு கடினம் என்று கேட்டுவிடுங்கள், நாளுக்கு நாள் இடம் மாறும். இடம் கிடைக்காவிட்டால் பனிவண்டி இழுக்கும் பூங்கா நாய்களின் கொட்டிலில் செய்முறை காட்டுவார்கள், அதுவும் இலவசம், பையன் கரடியை மறந்துவிடுவான்.

மகரந்தம்

கொசு நிஜம்தான், ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை உச்சம். ஆனால் அதற்குக் காற்று ஆகாது. சாவேஜ் ஆற்று வெளியிலும் மலைமுதுகிலும் காற்றடித்தால் ஒன்றுகூட இருக்காது, வாசல் பக்க ஸ்ப்ரூஸ் காட்டில் மொய்க்கும். ஆளுக்கொரு தலைவலை (தலையையும் முகத்தையும் மூடும் கொசுவலை), சில டாலர்தான், அகல விளிம்புத் தொப்பியின்மேல் போட்டால்தான் முகத்தில் ஒட்டாது. முழுக்கைச் சட்டை வெளிர்நிறத்தில், நெருக்கமான நெசவாக. லெக்கிங்ஸைத் துளைத்துக் கடிக்கும். பூச்சிமருந்து 20 முதல் 30 சதவீத டீட், பையனுக்கு 30-க்கு மேல் வேண்டாம். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்: மூக்குக் கண்ணாடி, பைனாகுலர் ரப்பர், கேமரா பிடி எல்லாம் பிசுபிசுத்துப் போகும். புறங்கையால் தடவுங்கள், உள்ளங்கையைத் துடைத்துவிட்டு பைனாகுலரைத் தொடுங்கள். இல்லையென்றால் பிகாரிடின் என்ற பூச்சிமருந்து வாங்குங்கள், அது பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது.

துணி விஷயமும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். கோடையிலும் 1 டிகிரியிலிருந்து 24 டிகிரி வரை ஆடும், எந்த மாதத்திலும் பனி விழலாம். அப்பா அம்மாவுக்குக் குல்லாயும் கையுறையும் பையிலேயே இருக்கட்டும். பஸ் ஜன்னலைத் திறந்துதான் எல்லோரும் படம் எடுப்பார்கள்.

தொலைநோக்கி

கண்கட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் பகல் 20 மணி நேரத்துக்கும் மேல், மிச்ச நேரமும் அந்திவெளிச்சம்தான். அறைத் திரைச்சீலை போதாது, பையன் பதினொரு மணிக்கும் விளையாடிக்கொண்டிருந்தால் மறுநாள் முதல் பஸ்ஸில் சேபிள் பாஸ் வரும்போது தூங்கிவிடுவான்.